குரலும் ஸ்ட்ரிங்ஸும்: பாடல் தொடர் எழுத மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ எவ்வளவு தூரம் உதவும்?

ஒரு குரல், ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ), ஐந்தாறு கவிதைகள். இந்த அளவில் ஒரு பாடல் தொடரை எழுத உட்காருபவருக்கு இசைக்குறிகளை எழுத உதவும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோவின் 4-ஆம் தலைமுறை போதுமா? போதும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். தனிப் பாடல் ஒன்றை இந்த மென்பொருள் மிக நன்றாகக் கையாளுகிறது. பல பாடல்கள் சேர்ந்து ஒரே படைப்பாக நிற்பதற்கு அதில் ஏற்பாடு எதுவும் இல்லை. தொடரைத் தொடராகக் கட்டும் வேலையை எழுதுபவர்தான் முதல் நாளிலேயே திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்தத் திட்டத்தைப் பற்றியது.

அதற்கு முன் பலருக்கும் இருக்கும் ஒரு குழப்பம். மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ முழுக்க இலவசம். ஜிபிஎல் 3 உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பணம் கேட்பது இதே பெயரில் இயங்கும், ஸ்கோர்களை (எல்லா வரிகளும் சேர்ந்த இசைப் பிரதிகளை) பகிரும் தளத்தின் சந்தா. எழுதவும், அச்சிடவும், பிடிஎஃப் எடுக்கவும் அந்தச் சந்தா தேவையே இல்லை. 2022 டிசம்பரில் 4-ஆம் பதிப்பு வந்தபோது மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித்தொகுப்பும் இலவசமாகச் சேர்ந்தது. அதை மியூஸ் ஹப் என்ற தனி நிரல் வழியாக இறக்க வேண்டும். ஸ்ட்ரிங்ஸ் தொகுப்பே பல ஜிகாபைட் பிடிக்கும். இறக்காவிட்டால் எம்எஸ் பேசிக் என்ற எளிய ஒலியில் இசைக்கும். எழுதும் கட்டத்துக்கு அந்த எளிய ஒலியே போதும், சில வேளைகளில் அதுவே நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

எல்லாப் பாடலும் ஒரே கோப்பிலா?

பாடல் தொடரில் கடைசிவரை மாறிக்கொண்டே இருப்பது பாடல்களின் வரிசை. மூன்றாவதாக நினைத்தது முதலாவதாகப் போகும். மெதுவான இரண்டு பாடல்கள் அடுத்தடுத்து வந்துவிட்டால் ஒன்றை நகர்த்த வேண்டியிருக்கும். மியூஸ்ஸ்கோர் இடறும் இடம் இதுதான். மெஷர்களை (தாளச் சுற்றுகளை) பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சுரங்கள், சொற்கள், டைனமிக்ஸ் (ஒலி அளவுக் குறிகள்) எல்லாம் வரும். ஸ்கேலைச் சொல்லும் கீ சிக்னேச்சரும், 3/4, 4/4 என்று தாளத்தைச் சொல்லும் டைம் சிக்னேச்சரும் வராது. 3/4-இல் எழுதிய பாடலை 4/4 மெஷர்களில் ஒட்டினால் சுரங்கள் மெஷர்களைப் பிரிக்கும் பார் கோட்டைத் தாண்டி, டை என்ற இணைப்பு வளைவு போட்டு நிற்கும். ஐந்து பாடல்களை ஒரே கோப்பில் எழுதிவிட்டு வரிசையை மாற்றப் போனால், ஒவ்வொரு பாடலின் தாள மாற்றங்களையும் புது இடத்தில் முன்கூட்டியே கையால் அமைத்த பிறகுதான் ஒட்ட முடியும். பாடலுக்குள்ளேயே 5/8, 7/8 என்று மாறிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

அதனால் வரிசை உறுதியாகும்வரை பாடலுக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்வதே சரி. முதல் பாடலில் பக்க அளவு, எழுத்துரு, இடைவெளி எல்லாவற்றையும் திருத்தி முடித்ததும் ஃபார்மேட் மெனுவில் ஸ்டைலைத் தனிக் கோப்பாகச் சேமித்து, மற்றப் பாடல்களில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்களின் தொடரில் இரண்டாம் பாடலின் எழுத்து ஒரு அளவிலும் நான்காம் பாடலின் எழுத்து வேறு அளவிலும் இருப்பதை அடிக்கடி காணலாம்.

முடிந்த பாடல்களை ஒன்றாக்க இரண்டு வழி உண்டு. முதலாவது, கோப்புகளைத் தனித்தனியாகவே விட்டு, பிடிஎஃப் எடுத்து, பிடிஎஃப்களை வரிசையாக இணைப்பது. பேஜ் செட்டிங்ஸில் முதல் பக்க எண்ணை மாற்றலாம்; முதல் பாடல் 6-ஆம் பக்கத்தில் முடிந்தால் இரண்டாவதை 7 என்று தொடங்கிவிடுங்கள். பழைய பதிப்புகளில் பல கோப்புகளை ஆல்பமாகச் சேர்க்கும் வசதி இருந்தது. 4-இல் அதை எடுத்துவிட்டார்கள். பாடல் தொடர் எழுதுபவருக்கு இது உண்மையான இழப்பு.

இரண்டாவது வழி, கடைசியில் ஒரே கோப்பாகத் தைப்பது. பாடல்கள் அட்டக்காவாக, நிற்காமல், ஒன்றுக்குள் ஒன்று போகும்போது இது மட்டுமே வழி. 1816-இல் பீத்தோவன் எழுதிய ‘தொலைதூரக் காதலிக்கு’ தொடரின் ஆறு பாடல்களும் அப்படித்தான் இடைவெளி இல்லாமல் இணைந்திருக்கின்றன; அந்த மாதிரியான தொடரைத் தனிக் கோப்புகளில் வைத்தால் இணைப்புப் பகுதி எந்தப் பாடலுக்குச் சொந்தம் என்பதே தெரியாமல் போகும். ஒரே கோப்பில் வைக்கும்போது பாடலின் கடைசி மெஷரில் செக்‌ஷன் பிரேக் போட வேண்டும். இது மியூஸ்ஸ்கோரின் மிகப் பயனுள்ள, பலர் கவனிக்காத வசதி. செக்‌ஷன் பிரேக்குக்குப் பிறகு மெஷர் எண் 1-இலிருந்து தொடங்கும். கருவிகளின் முழுப் பெயர் மறுபடி வரும். அடுத்த பாடலின் கீ சிக்னேச்சரை எச்சரிக்கையாக முந்தைய வரியின் ஓரத்தில் காட்டுவதும் நின்றுவிடும். இசைக்கும்போது எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதையும் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் கொடுக்கலாம். தானாக இருப்பது 3 விநாடி; அட்டக்கா என்றால் 0.

ஒரே கோப்பில் இன்னொரு சிக்கல், முந்தைய பாடலின் நிலை அடுத்த பாடலுக்குக் கசிவது. இரண்டாம் பாடல் கான் சோர்டினோவில் (ஒலியை மங்கவைக்கும் மியூட் மாட்டி), ரிட்டார்டாண்டோவோடு (வேகம் குறைந்து), பியானிஸ்ஸிமோவில் (மிக மெல்ல) முடிகிறது என்று வையுங்கள். மூன்றாம் பாடலின் தலையில் எதுவும் எழுதாவிட்டால் மென்பொருள் அதே மியூட்டோடும் அதே மெல்லிய ஒலியோடும் தொடரும். ஒவ்வொரு பாடலின் முதல் மெஷரிலும் டெம்போ, ஒவ்வொரு வரிக்கும் டைனமிக், ஸ்ட்ரிங்ஸ் நான்குக்கும் ‘ஆர்க்கோ’ (வில்லால்), ‘சென்ஸா சோர்டினோ’ (மியூட் இல்லாமல்) என்ற குறிகள் இருக்க வேண்டும். வாசிப்பவருக்கும் இது தேவை. ஒத்திகையில் பாடல்களை வரிசைப்படி எடுக்க மாட்டார்கள். நான்காம் பாடலைத் திறந்தவுடன் அங்கேயே எல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

சொற்களை வைக்கும் இடம்

சொல் இடுவதில் மியூஸ்ஸ்கோர் வேகமானது. சுரத்தைத் தேர்ந்து கன்ட்ரோல், எல் இரண்டையும் அழுத்தினால் சொல் வரி திறக்கும். சொல் முடிந்தால் ஸ்பேஸ், சொல்லின் நடுவில் அசை பிரிந்தால் ஹைஃபன். ஒரே அசை பல சுரங்களில் நீளும்போது இரண்டு வகை உண்டு. நீள்வது சொல்லின் கடைசி அசை என்றால் அடிக்கோட்டுக் கட்டையை அழுத்திக்கொண்டே போக வேண்டும். நீட்டுக் கோடு விழும். சொல்லின் நடு அசை என்றால் ஹைஃபனை அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஹைஃபன்கள் வரிசையாக விழும். இரண்டையும் மாற்றிப் போட்டால் பாடுபவர் சொல் முடிந்துவிட்டதாக நினைத்து அங்கே மூச்செடுப்பார். நீளும் சுரங்களுக்கு மேல் ஸ்லர் என்ற வளைகோடு போடுவதையும் மறக்கக் கூடாது. அது தானாக வராது.

தமிழ்ச் சொற்களுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். மென்பொருள் தமிழ் எழுத்தைச் சிதைக்காமல் காட்டுகிறது. கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றன. ஆனால் அசையை அது பிரித்துத் தராது. புள்ளி எழுத்து எப்போதும் முன் அசையோடு போக வேண்டும்: நட்-சத்-தி-ரம், க-ரை-யில், நிற்-கும். நட்-ச-த்தி-ரம் என்று பிரித்தால் ஒரு சுரத்தின் தலையில் புள்ளி எழுத்து நிற்கும். அதைப் பார்த்துப் பாட முடியாது. எழுத்துப் பரிந்துரைப் பெட்டி காட்டும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டினால் முதல் ஸ்பேஸ் பரிந்துரையை உறுதிசெய்யவே போய்விடும், அடுத்த சுரத்துக்கு நகர இன்னொரு ஸ்பேஸ் வேண்டும்; கை தடுமாறி ஒரு சுரம் விட்டுப்போகும். தமிழ்99 போன்ற நேரடி விசைப்பலகையில் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் பாதுகாப்பான வழி, முழுக் கவிதையையும் சாதாரண உரைக் கோப்பில் ஹைஃபன் போட்டுப் பிரித்துச் சரிபார்த்துவிட்டு, மொத்தமாகப் பிரதியெடுத்து, முதல் சுரத்தில் சொல் வரியைத் திறந்து கன்ட்ரோல், வி அழுத்திக்கொண்டே போவது. ஒரு அழுத்துக்கு ஒரு அசை விழும்.

எழுத்துருவையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். மியூஸ்ஸ்கோரின் இயல்பான எழுத்துரு எட்வின். அதில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் கணினி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். வேறு கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு வரும், அகலம் மாறும், வரிகள் உடையும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, ஸ்டைலில் சொல் வரிகளுக்கு அதையே குறிப்பிட வேண்டும். ஒற்றைப்படை வரிகளுக்கும் இரட்டைப்படை வரிகளுக்கும் தனித்தனி ஸ்டைல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விட்டால் இரண்டாம் சரணம் வேறு எழுத்தில் நிற்கும். தலைப்பு, டெம்போ, ஸ்டாஃப் (ஐந்துகோட்டு இசை வரி) குறிப்பு இவற்றில் தமிழ் வந்தால் அவற்றுக்கும் மாற்றுங்கள்.

அகலம் இன்னொரு தலைவலி. தமிழ் அசைகள் பலவும் அகலமானவை. ‘ணோ’, ‘ஞை’, ‘ரங்’ போன்றவை பதினாறில் ஒரு பங்கு சுரத்துக்குக் கீழே விழுந்தால் மென்பொருள் சுரங்களை விலக்கி இடம் செய்யும். அதே மெஷரில் கீழே இருக்கும் வயோலாவின் சீரான ஓட்டம் அங்கங்கே இழுபட்டு, கண்ணுக்குத் தாளம் தவறிப் போனதாகத் தெரியும். சொல்லின் அளவை 10 புள்ளியிலிருந்து 9-க்குக் குறைத்து, அசைகளுக்கு இடையிலான குறைந்தபட்ச இடைவெளியையும் சற்றுக் குறைத்தால் பாதி சரியாகும். மீதிக்கு ஒரே மருந்து, ஒரு வரிக்கு மெஷர்களைக் குறைப்பது. கு, கூ, ஞ போன்றவற்றின் அடிப்பகுதி கீழே இறங்குவதால் இரண்டு சரணங்கள் இருந்தால் வரி உயரத்தையும் கூட்டுங்கள். குரல் வரியின் டைனமிக்ஸ் ஸ்டாஃபுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே சொல் இருப்பதால்; குறியைத் தேர்ந்து எக்ஸ் கட்டையை அழுத்தினால் மேலே போகும்.

இதுவரை சொன்னது மென்பொருளுக்குத் தெரிந்த விஷயங்கள். தெரியாதவை இன்னும் முக்கியம். குறிலை நீண்ட சுரத்தில் வைத்தால் மென்பொருள் எதுவும் சொல்லாது. ஆனால் ‘படகே’யின் முதல் அசையை இரண்டு துடிப்புக்கு நீட்டினால் கேட்பவர் காதில் ‘பாடகே’ என்றுதான் விழும். மனம் மானமாகும், கல் காலாகும். நீண்ட சுரங்களை நெடிலுக்கும், ம், ன், ல், ழ் போன்று ஒலித்துக்கொண்டே இருக்கக்கூடிய மெய்யில் முடியும் அசைகளுக்கும் ஒதுக்க வேண்டும். குறிலில் நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த அசையைச் சுருக்கமாகப் பாடவிட்டு, மீதி நேரத்தை முதல் வயலினிடம் கொடுங்கள். ஸ்ட்ரிங்ஸோடு எழுதுவதில் இருக்கும் பெரிய வசதி இது: குரல் விட்ட சுரத்தை அதே உயரத்தில், அதே மென்மையில் வில் பிடித்துக்கொள்ளும்.

குற்றியலுகரமும் அப்படியே. ‘காற்று’, ‘பாட்டு’ போன்றவற்றின் கடைசி உகரம் வலுவான துடிப்பிலோ நீண்ட சுரத்திலோ விழுந்தால் சொல் செயற்கையாகக் கேட்கும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த உகரமே மறையும்; ‘காற்று அடிக்க’ என்பது நான்கு அசையில் ‘காற்-ற-டிக்-க’ என்று ஓடும். கவிஞர் பிரித்து எழுதியிருந்தாலும் இசை வரியில் சேர்த்துப் பிரிப்பதே பாடுபவருக்கு உதவும். அச்சிடும் தனிக் கவிதைப் பக்கத்தில் கவிஞர் எழுதியபடியே விட்டுவிடலாம்.

உயரமும் சொல்லும் மோதும் இடம் ஒன்று உண்டு. சோப்ரானோ (பெண்ணின் உயர்ந்த குரல்) எஃப்5-க்கு (எழுத்து சுரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்; பியானோவின் நடு சி, சி4) மேல் போகும்போது உயிரொலிகளின் வேறுபாடு காதில் மங்கத் தொடங்கும். ‘இ’யும் ‘எ’யும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். கதையை நகர்த்தும் சொல்லை அங்கே முதல்முறையாக வைக்காதீர்கள். கீழே ஒருமுறை தெளிவாகக் கேட்ட சொல் மேலே திரும்ப வரலாம்.

ஒலிக்கும்போது ஏமாற வேண்டாம்

கருவியைத் தேர்வு செய்யும் கட்டத்திலேயே கவனம் வேண்டும். பட்டியலில் தனி வயலினும் வயலின் பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. குவார்ட்டெட்டுக்குத் தனி, ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பிரிவு. மாற்றி எடுத்தால் மியூஸ் சவுண்ட்ஸ் குவார்ட்டெட்டையே பெரிய குழுபோல இசைக்கும். மெல்லிய இரண்டு சுரங்கள்கூட அரங்கை நிறைப்பதாகத் தோன்றும், நான்கு பேர் வாசிக்கும்போது அந்த நிறைவு காணாமல் போகும். ஸ்ட்ரிங் குவார்ட்டெட் டெம்ப்ளேட்டை எடுத்து, குரலைச் சேர்த்து, அதை மேலே இழுத்து வைப்பது எளிதான தொடக்கம்.

மியூஸ் சவுண்ட்ஸின் ஸ்ட்ரிங்ஸ் ஒலி, இலவசமாகக் கிடைப்பவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஒரே நீண்ட சுரத்துக்குள் கிரசெண்டோ கேட்கும், லெகாட்டோ (சுரங்களை இணைத்து வாசிப்பது) உயிரோடு இருக்கும், பிட்ஸிக்காட்டோவும் (விரலால் மீட்டுவது) ட்ரெமலோவும் (வில்லை வேகமாக அதிரவிடுவது) குறி போட்டவுடன் மாறும். பிரச்சினை குரல் வரியில். தனிக் குரலுக்கு இலவசமாகக் கிடைப்பது சேர்ந்திசைக் குழுவின் ‘ஆ’ ஒலி, சொற்களைப் பாடாது. அந்த ஒலி தாழ்ந்த சுரங்களிலும் முழுமையாகக் கேட்கும். நிஜக் குரலோ தன் எல்லையின் அடியில் மெலிந்துவிடும். மெட்ஸோ (சோப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த பெண் குரல்) ஒருவர் ஏ3-க்கும் டி4-க்கும் இடையில் பாடும்போது அதே உயரத்தில் வயோலாவும் செல்லோவும் மெஸோ ஃபோர்ட்டேயில் (ஓரளவு உரக்க) இருந்தால் ஒரு சொல்லும் கேட்காது. கணினியில் எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும். குரல் கீழே இருக்கும்போது செல்லோவை அதற்கும் கீழே இறக்கி, வயலின்களை மேலே தூக்கி, குரல் நிற்கும் இடத்தைக் காலியாக விட வேண்டும். சமநிலையைக் காதால் தீர்மானிக்கத் தூண்டும் அளவுக்கு ஒலி அழகாக இருப்பதுதான் ஆபத்து. எழுதும்போது எம்எஸ் பேசிக் ஒலியில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகவே.

சொல்லையும் தாளத்தையும் சோதிக்க நம்பகமான வழி ஒன்று: மிக்ஸரில் குரல் வரியை மியூட் செய்து, ஸ்ட்ரிங்ஸை மட்டும் ஓடவிட்டு, சொற்களை அதன் மேல் தாளத்தோடு வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தில் பாடுபவரின் நாக்கும் இடறும். மூச்சையும் அப்போதே அளந்துவிடலாம். நிமிடத்துக்கு 60 துடிப்பில், 4/4-இல் இரண்டரை மெஷர் என்பது 10 விநாடி. அதற்கு மேல் மூச்செடுக்க இடமில்லாமல் போனால் சொற்றொடரை உடைக்க வேண்டும். மூச்சுக் குறியை போட்டு அதற்கு நிறுத்த நேரம் கொடுத்தால் நான்கு கருவிகளும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே முந்தைய சுரத்தைச் சுருக்கி எட்டில் ஒரு பங்கு ரெஸ்ட் எழுதுவதே நல்லது. ரெஸ்டுக்கு முந்தைய மெஷரில் குரலின் அடுத்த நுழைவுச் சுரம் ஏதாவது ஒரு கருவியில் கேட்டிருக்க வேண்டும். பியானோவோடு பாடிப் பழகியவர்கள் ஸ்ட்ரிங்ஸில் இதை இன்னும் அதிகம் தேடுவார்கள்.

எல்லை தாண்டிய சுரங்களை மென்பொருள் நிறம் மாற்றிக் காட்டும். வயலினின் ஜி3, வயோலாவின் சி3, செல்லோவின் சி2 இவற்றுக்குக் கீழே போனால் சிவப்பு. ஆனால் டபுள் ஸ்டாப் (இரண்டு கம்பிகளை ஒன்றாக ஒலிப்பது) வாசிக்க முடியுமா என்பதை அது பார்ப்பதில்லை. வயலினில் டி4-க்குக் கீழே இருக்கும் இரண்டு சுரங்களை ஒன்றாக எழுதினால் இரண்டும் ஜி கம்பியிலேயே இருக்கும்; வாசிக்கவே முடியாது. வயோலாவில் அந்த எல்லை ஜி3, செல்லோவில் ஜி2. மென்பொருள் இரண்டையும் இனிமையாக இசைத்துக் காட்டும். செயற்கை ஹார்மானிக்ஸும் (ஒரு விரலால் அழுத்தி, இன்னொன்றால் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் உயர் ஒலி) அப்படித்தான்: அழுத்தும் சுரமும் நான்காம் இடைவெளியில் வைரத் தலைச் சுரமும் எழுதினால் ஒலிக்க வேண்டியது அழுத்திய சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே. சரியாகக் கேட்க வேண்டுமென்றால் எழுதிய சுரங்களுக்கு ப்ராப்பர்ட்டீஸில் ‘ப்ளே’ குறியை எடுத்துவிட்டு, ஒலிக்கும் சுரத்தை இன்னொரு வாய்ஸில் மறைவாக வைக்க வேண்டும். மியூட் போட எடுக்கவும் நேரம் தேவை. நிமிடத்துக்கு 72 துடிப்பில் 4/4 மெஷர் ஒன்று 3.3 விநாடி, அந்த ஒரு முழு மெஷரையாவது ரெஸ்டாக விடுங்கள், நால்வருக்கும் ஒரே நேரத்தில் தேவை என்றால் குரல் தனியாகப் பாடும் இடத்தில் வையுங்கள்.

சுருதி மாற்றுவதில் ஒரு எச்சரிக்கை. பாடுபவர் ஒரு டோன் கீழே கேட்பார். டூல்ஸில் ட்ரான்ஸ்போஸ் ஒரு நொடியில் முடித்துவிடும். பியானோ என்றால் அத்தோடு வேலை முடிந்தது. ஸ்ட்ரிங்ஸில் முடியாது. செல்லோவின் சி2 பி ஃபிளாட்டாகிக் கம்பிக்குக் கீழே விழும்; டி மேஜரில் திறந்த கம்பிகளால் ஒலித்த வயலின் கார்டுகள் சி மேஜரில் பாதியும் விரல் வைத்து வாசிக்க வேண்டியவையாகி மங்கும். இறங்கிய பாடலின் ஸ்ட்ரிங்ஸை மெஷர் மெஷராகத் திரும்பப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்க, எழுதத் தொடங்கும் முன்பே பாடுபவரிடம் அவருடைய வசதியான எல்லையைக் கேட்டுவிடுங்கள். தொட முடிந்த மிக உயர்ந்த சுரம் எது என்பதோடு, எந்த உயரத்தில் இரண்டு பக்கம் தொடர்ந்து சொற்களோடு பாட முடியும் என்பதையும்.

பார்ட் எடுப்பது

ஒவ்வொருவருக்கும் தனியாக எடுக்கும் பார்ட்டுகள் ஸ்கோரோடு பிணைந்திருக்கின்றன. ஸ்கோரில் திருத்தினால் பார்ட்டிலும் திருந்தும். ஸ்டாஃப் அளவு இரண்டுக்கும் வேறாக இருக்க வேண்டும். கோடுகளுக்கு நடுவே இயல்பான 1.75 மி.மீ. இடைவெளி, அதாவது 7 மி.மீ. உயர ஸ்டாஃப், பார்ட்டுக்குச் சரியானது. ஐந்து வரிகள் கொண்ட ஸ்கோருக்கு 1.4 முதல் 1.5 மி.மீ. போதும், ஏ4 பக்கத்தில் மூன்று சிஸ்டம் (சேர்ந்து ஒலிக்கும் வரிகளின் தொகுப்பு) வரை இறங்கும்.

குரலோடு வாசிக்கும் ஸ்ட்ரிங்ஸ் பார்ட்டில் குரல் வரி தெரிய வேண்டும். பாடுபவர் சொல்லுக்காகத் தாளத்தை இழுப்பார். வாசிப்பவர் அந்தச் சொல்லைப் பார்த்தே இறங்குவார். மியூஸ்ஸ்கோரில் தானாகக் க்யூ (வேறொரு வரியைச் சிறிதாகக் காட்டும் வழிகாட்டிப் பகுதி) எடுக்கும் வசதி இல்லை. அதற்கு மாற்று வழி: ஒவ்வொரு பார்ட்டிலும் கருவிகள் பகுதியைத் திறந்து குரலின் கண் குறியை இயக்கி, குரல் ஸ்டாஃபின் அளவை 65 அல்லது 70 சதவீதமாகக் குறைப்பது. பக்கம் கூடும். ஆனால் மெதுவான, ருபாட்டோ (தாளத்தை நெகிழ்த்துவது) மிகுந்த பாடல்களில் ஒத்திகை நேரம் கணிசமாகக் குறையும். வேகமான, தாளம் கறாரான பாடலுக்கு இது வேண்டாம். நீண்ட ரெஸ்டுக்குப் பின் வரும் நுழைவுக்கு முன் இரண்டு மெஷர் சிறிய க்யூ போதும். பக்கம் திருப்பும் இடத்தில் வாசிப்பவருக்குக் குறைந்தது இரண்டு மூன்று விநாடி ரெஸ்ட் வேண்டும். கன்ட்ரோல், என்டர் அழுத்தினால் பக்கம் உடையும். ஒரே கோப்பில் எல்லாப் பாடலும் இருந்தால், நடுவில் செருகிய தலைப்புச் சட்டங்கள் ஒவ்வொரு பார்ட்டிலும் சரியாக வந்திருக்கின்றனவா என்று திறந்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

பாடுபவருக்கு முழு ஸ்கோரே கொடுக்கலாம். பயிற்சிக்குப் பியானோ சுருக்கமும் தேவைப்படும். டூல்ஸில் இம்ப்ளோட் நான்கு வரிகளை ஒன்றாகக் குவித்துத் தரும். அதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து விரலுக்கு எட்டாததை வெட்டிவிடுங்கள்.

மற்றவை

டோரிகோ என்ற மென்பொருள் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். அதில் ஒவ்வொரு பாடலும் ஃப்ளோ என்ற ஒரு தனிப் பகுதி; இழுத்து வரிசை மாற்றலாம், தாளம், கீ எதுவும் குலையாது. க்யூக்கள் மூல வரியோடு பிணைந்திருக்கும். குரலில் திருத்தினால் க்யூவும் திருந்தும். எட்டுப் பாடலுக்கு மேல் போகும் தொடர், அல்லது ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு டிவிஸி (ஒரு பிரிவைப் பல வரிகளாகப் பிரிப்பது) நிறைந்த எழுத்து என்றால் கற்க எடுக்கும் நேரத்தை அது திருப்பித் தரும். லில்லிபாண்ட் உரையாகத் தட்டி எழுதுவது, இலவசம். தனித்தனிப் பாடல் கோப்புகளை ஒரு தாய்க் கோப்பில் அழைத்துக்கொள்ளலாம் என்பதால் வரிசை மாற்றுவது இரண்டு வரியை இடம் மாற்றுவதோடு முடியும். எழுதிக்கொண்டே கேட்க விரும்புபவருக்கு அது ஒத்துவராது. இசை முழுவதும் காகிதத்தில் முடிந்த பிறகு அழகாக அச்சிட விரும்புபவருக்கு அதைவிட நல்லது இல்லை.

ஐந்தாறு பாடல், ஒரு குரல், குவார்ட்டெட் என்ற அளவுக்கு மியூஸ்ஸ்கோரையே பரிந்துரைக்கிறோம். பாடல் முடிந்ததும் மூன்று வடிவில் சேமியுங்கள்: மியூஸ்ஸ்கோர் கோப்பு, பிடிஎஃப், மியூசிக்எக்ஸ்எம்எல். 4-இல் சேமித்ததைப் பழைய 3-ஆம் பதிப்பு திறக்காது. 3-இல் செய்ததை 4 திறக்கும், ஆனால் பக்க அமைப்பு நகர்ந்திருக்கும். மியூசிக்எக்ஸ்எம்எல் வேறு மென்பொருளுக்குச் சுரத்தையும் சொல்லையும் கொண்டுபோகும். நீங்கள் நுணுக்கமாக நகர்த்தி வைத்த இடைவெளிகளை அப்படியே கொண்டுபோகும் என்று எதிர்பார்க்க முடியாது. வாசிப்பவர்களுக்கு எப்போதும் பிடிஎஃப் மட்டுமே அனுப்புங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாடலின் பெயரோடும் திருத்திய தேதியோடும்.